நோயாளிகளுக்குப் போட்ட ரோடு

பொதுப்பணித் துறையில் முப்பத்து மூன்று வருஷம் எழுத்தராக இருந்தவனுக்கு ஸ்தலப் பார்வை அறிக்கைகளில் ஒரு தனி ருசி உண்டு. "நேரில் சென்று பார்வையிட்டேன், வேலை திருப்திகரமாக உள்ளது" என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர் இடத்துக்குப் போனாரா, டீக்கடையோடு திரும்பிவிட்டாரா என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். போய்ப் பார்த்தவர் ஏதாவது ஒரு வேண்டாத விவரத்தைச் சேர்த்திருப்பார். மதகின் ஓரத்தில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது, வடக்குச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது என்று ஏதாவது இருக்கும். போகாதவர் எழுதினால் எல்லாமே திருப்திகரம்தான்.

நான் கேள்விப்பட்ட ஸ்தலப் பார்வை அறிக்கைகளிலேயே மிகப் பெரிய பொய் 1910-ஆம் ஆண்டு பிரான்சில் தந்தியாக அடிக்கப்பட்டது. துர்மலே கணவாயைத் தாண்டிவிட்டேன், ரோடு மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்பது அதன் சாரம். இதில் விசேஷம் என்னவென்றால், அனுப்பிய மனிதர் உண்மையாகவே அந்த இடத்துக்குப் போயிருந்தார். போய், பனியில் விழுந்து, நடுநிசியில் வழி தவறி, உயிர் பிழைத்து வந்து, அதற்கப்புறம் இப்படித் தந்தி அடித்தார். தூர் தெ பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயம் பிரெனே மலைகளுக்குள் நுழைந்தது அந்தத் தந்தியின் பலத்தில்தான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். இங்கே மண்ணரையில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறான். அவனோடு இன்னும் மூன்று பையன்கள். ஒருவன் கட்டிங்கில், ஒருவன் டையிங் லேபில், ஒருவன் பிரிண்டிங்கில். ஷிப்மெண்ட் நெருக்கடி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் கியர் சைக்கிளில் ஊத்துக்குளி, சென்னிமலை என்று போய்விட்டு வெயில் ஏறுமுன் வந்துவிடுவார்கள். இப்போது அது போதவில்லை. சென்ற மாதம் வந்து கேட்டான்: "அப்புச்சி, மேட்டுப்பாளையம் போயி, குன்னூர் வழியா ஊட்டி ஏறி, கோத்தகிரி வழியா எறங்கி, ஒரே நாள்ல ஊட்டுக்கு வந்தரலாமுங்களா? தூரம், ஏத்தம் எல்லாம் போட்டு ஒரு டேபிள் எழுதிக் குடுங்க."

நானோ காரைக்கால்காரன். எங்கள் பக்கத்தில் ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற சரிவுதான். ஆனாலும் எஸ்டிமேட் என்றால் கை சும்மா இருக்காது. மேலும் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் நாலைந்து பேர் உண்டு. ஜூலை மாதம் வந்தால் பந்தயத்தில் யார் முந்துகிறார் என்பதைத் திண்ணையில் உட்கார்ந்து நேரில் பார்த்தவர்கள் போலப் பேசுவார்கள். துர்மலே, ஒபிஸ்க் என்ற பெயர்கள் எனக்கு ஊட்டி, குன்னூருக்கு முன்பே காதில் விழுந்தவை. பேரன் வட்டாரத்தில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுவதை "பிரெவெட்" என்கிறார்கள். அது பாரிஸ் சங்கம் ஒன்று ஏற்படுத்திய முறை; 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் சான்றிதழ் உண்டு. கடைசி 'ட்' ஒலிக்காது தம்பி, 'ப்ரெவே' என்று சொல் என்றேன். "கோயமுத்தூர்ல அப்படிச் சொன்னா ஆருக்கும் புரியாதுங்" என்றான். அதுவும் சரிதான்.

முதலில் ஒரு சொல் விளக்கம். பிரெஞ்சில் கணவாய்க்கு 'கோல்' என்று பெயர். கழுத்து என்ற பொருளிலிருந்து வந்தது. இரண்டு சிகரங்களுக்கு நடுவே தாழ்ந்திருக்கும் கழுத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குவது. நமக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கணவாய் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலம்; ஏற்றமே தெரியாமல் சைக்கிளில் கேரளத்துக்குப் போய்விடலாம். ஆனி ஆடியில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவது அந்த வாசல் வழியாக வரும் காற்று. நீலகிரிக்குப் போகிறவை அந்த மாதிரிக் கணவாய்கள் ஆகமாட்டா. அது மேலே விரிந்த ஒரு மேட்டுநிலம். நாலா பக்கமிருந்தும் அதன்மேல் ஏறுகிற மலைப்பாதைகள், பழைய வழக்கில் காட் ரோடுகள். ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கினால் சுற்று முடிந்தது.

இனி அந்தத் தந்திக்கு வருகிறேன்.

தூர் தெ பிரான்ஸ் 1903-ல் தொடங்கியது. நடத்தியது ஒரு விளையாட்டுப் பத்திரிகை. பெயர் 'லோட்டோ'; ஆட்டோமொபைல் என்பதன் சுருக்கம், குலுக்கல் சீட்டு என்று நினைத்துவிட வேண்டாம். ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்ஜ். பத்திரிகை விற்க வேண்டும், அதற்குப் பந்தயம் வருஷா வருஷம் கடினமாக வேண்டும். அவரிடம் வேலை பார்த்த ஆல்ஃபோன்ஸ் ஸ்டெய்னெஸ் என்பவர், பிரெனே மலைகளின் கணவாய்கள் வழியாக விடலாமே என்று நச்சரித்தார். பனியும் கரடியும் உள்ள இடம், மாட்டு வண்டித் தடம்தான் ரோடு என்று ஆசிரியர் தயங்கினார். போய்ப் பார்த்து வருகிறேன் என்று ஸ்டெய்னெஸ் கிளம்பிவிட்டார்.

வாடகைக் காரில் சேந்த்-மரி-த-காம்பான் என்ற கிராமத்திலிருந்து துர்மலே ஏறினார்கள். உச்சிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில் பனி காரை மறித்தது. பொழுதும் சாய்ந்துவிட்டது. ஓட்டுநர் மேலே வர மறுத்துவிட்டார். ஸ்டெய்னெஸ் இறங்கி நடந்தார், நகரத்துச் செருப்போடு. உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது சறுக்கி விழுந்தார். அதிகாலை மூன்று மணி சுமாருக்கு பரேஜ் ஊருக்கு வந்து சேர்ந்தார். தேடக் கிளம்பிய ஊர்க்காரர்கள் வெந்நீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். உடம்பில் சூடு ஏறியதும் அவர் செய்த காரியம், ரோடு மிக நன்றாக இருக்கிறது என்று பாரிசுக்குத் தந்தி கொடுத்தது. அடுத்த கணவாயான ஒபிஸ்க் பாதை இன்னும் மோசம். அதைச் செப்பனிடப் பத்திரிகையே ஒரு தொகை கொடுத்தது. எங்கள் துறை பாஷையில் சொன்னால், ஸ்தலப் பார்வைக்குப் போனவரே எஸ்டிமேட்டையும் சாங்க்ஷன் வாங்கிவிட்டார்.

1910 ஜூலை 21. லூஷோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீட்டர். விடியற்காலை மூன்றரைக்குப் புறப்பாடு. வழியில் பெய்ரசூர்து 1569 மீட்டர், ஆஸ்பேன் 1489, துர்மலே 2115, ஒபிஸ்க் 1709. நான்கும் ஒரே நாளில். சைக்கிளில் கியர் மாற்றும் வசதி கிடையாது. அதை அந்தப் பந்தயத்தில் அனுமதித்ததே 1937-ல்தான். பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பெரிய பல்சக்கரத்தில் ஏறவேண்டும். டயர்களைத் தோளில் மாலை போலச் சுற்றிக்கொள்ள வேண்டும். பஞ்சர் ஆனாலும், சங்கிலி அறுந்தாலும், பிறர் உதவி வாங்கக்கூடாது.

துர்மலேயில் பெரும்பாலோர் இறங்கித் தள்ளினார்கள். குஸ்தாவ் காரிகு என்பவர் மட்டும் காலை ஊன்றாமல் ஏறி, நூறு பிராங்க் பரிசு வாங்கினார். ஆசிரியர் தெகிராஞ்ஜ் உடம்பு சரியில்லை என்று முன்பே ஊருக்குத் திரும்பிவிட்டார். (பெரிய அதிகாரிகளுக்கு ஆய்வு நாளில் காய்ச்சல் வருவது எல்லா நாட்டிலும் உண்டு போலும்.) ஸ்டெய்னெசும் இன்னொரு அதிகாரியும் ஒபிஸ்க் உச்சியில் காத்திருந்தார்கள். நேரம் போகிறது, ஒருவரையும் காணோம். கடைசியில் முதலாவதாக வந்தவர் லாஃபூர்காத் என்ற பெயர் தெரியாத ஆட்டக்காரர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடந்து போனார். கால் மணி கழித்து ஒக்தாவ் லாப்பீஸ் வந்தார். இவர் பதில் சொன்னார். கொலைகாரர்கள் என்று அவர்களைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அந்த நாளையும் அவரே ஜெயித்தார், அந்த வருஷப் பந்தயத்தையும் அவரே ஜெயித்தார். பதினாலு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. கணக்குப் போட்டால் மணிக்கு 23 கிலோமீட்டர் வருகிறது.

லாப்பீஸ் முதல் உலகப் போரில் விமானியாக இருந்து 1917 ஜூலை 14 அன்று வானில் சுடப்பட்டு இறந்தார். ஜூலை 14 பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். எங்கள் சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு போய் நிற்கும் நாள்.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பட்டது. அந்த நான்கு கணவாய்களுக்கும் ரோடு எதற்காக வந்தது? 1860களில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் போடப்பட்டது. பிரெனே மலையடிவாரத்தில் கந்தக வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. மூட்டுவலி, மூச்சு நோய் என்று பணக்காரர்கள் நீராட வருவார்கள். ஒரு ஊற்றிலிருந்து இன்னொரு ஊற்றுக்குக் குதிரை வண்டியில் போக வழி வேண்டும். ஓபோனிலிருந்து லூஷோன் வரை மலை மலையாகத் தாண்டிப் போட்ட அந்தப் பாதைக்கு வெந்நீர்ப் பாதை என்றே பெயர். ஸ்டெய்னெஸ் புதிதாக எதையும் வரையவில்லை. நோயாளிகள் போன வழியை எடுத்து, ஆரோக்கியமானவர்களை அதில் ஓடவிட்டார்.

நம் நீலகிரிக் கதையும் இதே கதைதான். 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அவருக்கு முந்தின வருஷமே உதவி அதிகாரிகள் இருவர் ஏறிப் பார்த்து, மேலே குளுகுளு என்று இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அக்காலத்தில் போன வழிகளில் ஒன்று தணாயக்கன்கோட்டைப் பக்கமிருந்து புறப்பட்டது. அந்தக் கோட்டை இன்று பவானிசாகர் அணையின் தண்ணீருக்கடியில். சல்லிவனுக்குக் காய்கறி, பூந்தோட்டம் என்று பல ஆசைகள் இருந்தாலும், சர்க்காரிடம் அவர் வைத்த வாதம் உடல்நலம். வெயிலிலும் காய்ச்சலிலும் வாடும் வெள்ளைக்கார சிப்பாய்களையும் அதிகாரிகளையும் கப்பலேற்றி அனுப்புவதற்குப் பதிலாக இங்கே மேலே அனுப்பலாம் என்றார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் முதல் குதிரைப் பாதை 1820களில் வந்தது. கைதிகளும் பயனியர் படை ஆட்களும் வெட்டினார்கள். மேலே போனால் ஆரோக்கியம் என்று சொன்னார்களே தவிர, அடிவாரக் காடு மலேரியாக் காடு. ஆரோக்கியத்துக்குப் பாதை வெட்டியவர்கள் அந்தக் காய்ச்சலில் தங்கி வேலை செய்தார்கள். கலெக்டர் பெயர் நமக்குத் தெரிகிறது, வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் தெரியவில்லை. மஸ்டர் ரோல் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது.

பிறகு கவர்னர் லஷிங்டன் காலத்தில் குன்னூர் பாதை 1830-32ல் வந்தது. லெ ஹார்டி என்ற அதிகாரி தடம் குறித்தார், முர்ரே என்பவர் பயனியர்களை வைத்து வெட்டினார். 'ஆர்தி' என்றால் பிரெஞ்சில் துணிச்சல்காரன், பெயருக்கேற்ற வேலை. அந்தப் பழைய பாதை குறுக்கானது, செங்குத்தானது. பொதி மாடும் பல்லக்கும் போகலாம், பாரவண்டி போவது சிரமம். பல்லக்கில் படுத்திருக்கிற நோயாளிக்குச் சரிவு ஒரு பொருட்டல்ல, தூக்குகிறவருக்குத்தான் தெரியும். காப்பி, தேயிலை, சின்கோனா எல்லாம் வந்து வண்டிப் போக்குவரத்து பெருகிய பின், 1870களில் கர்னல் லா என்பவர் புதிய பாதையை நீட்டி வளைத்துப் போட்டார். குன்னூர் போகிற வழியில் லாஸ் அருவி என்று ஒன்று இருக்கிறதே, அது இவர் பெயர்தான். சட்டம் படிக்கிற இடம் என்று பஸ்ஸில் ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டு வந்ததை நானே கேட்டிருக்கிறேன்.

மலைரோட்டின் சரிவை மலை தீர்மானிப்பதில்லை. அதில் இழுக்கப்போகிற பிராணி தீர்மானிக்கிறது. பொதிமாடு எதில் வேண்டுமானாலும் ஏறிவிடும். பாரவண்டி மாட்டுக்கு 20க்கு 1, அதாவது இருபது அடி போனால் ஒரு அடி உயரம், அதற்கு மேல் போனால் நுரை தள்ளும். இந்திய ரோடு காங்கிரசும் மலைப்பகுதிக்கு ஏறத்தாழ அந்த அளவைத்தான் வழக்கமான சரிவாக வைத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் 34 கிலோமீட்டர். கல்லாறு வரை சமதரை போல. பிறகு பதினாலு கொண்டை ஊசி வளைவோடு சுமார் 1400 மீட்டர் ஏற்றம். வகுத்துப் பார்த்தேன், 20க்கு 1-ஐ ஒட்டி வந்தது. பேரன் மூச்சு வாங்காமல் ஏறுவானானால், அந்தக் காலத்து மாட்டுக்கு அவன் நன்றி சொல்ல வேண்டும்.

பக்கத்திலேயே ஓடும் மலை ரயிலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அது குன்னூருக்கு 1899-ல் வந்தது, ஊட்டிக்கு 1908-ல். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12க்கு 1 என்ற சரிவு. அங்கே எஞ்சின் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல்பாதை போட்டு, பல்சக்கரத்தால் கடித்துக் கடித்து ஏறுகிறது. இப்போது கல்லட்டிக்கு வாருங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சீகூர் மலைப்பாதை அது. மைசூர்ப் பக்கத்துக்கான வழி, 1830களில் வந்தது, 36 கொண்டை ஊசி. சுமார் 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறது. சராசரியே ரயிலின் பல்பாதைச் சரிவை ஒட்டி வருகிறது, சில வளைவுகளில் அதைத் தாண்டும். துர்மலே சராசரி 13க்கு 1 அல்லது சற்றுக் குறைவு. நீளத்தில் துர்மலே பெரிது, நிமிர்ந்து நிற்பதில் நம் கல்லட்டி பெரிது. 2008 முதல் நடக்கிற டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தில் வெளிநாட்டுக்காரர்கள்கூட இதில் இறங்கித் தள்ளினார்கள் என்று பேரன் பெருமையாகச் சொன்னான். இறங்கித் தள்ளுவதில் இவனுக்கு என்ன பெருமையோ.

அவன் கேட்ட ஒருநாள் சுற்றின் கணக்கு இது. திருப்பூரிலிருந்து அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். குன்னூர் 34, அங்கிருந்து ஊட்டி 18, ஊட்டி - கோத்தகிரி 29, கோத்தகிரி - மேட்டுப்பாளையம் 33. திரும்ப வீட்டுக்கு அதே ஐம்பது சொச்சம். மொத்தம் 220-ஐத் தாண்டும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் 325 மீட்டர், ஊட்டி 2240. ஏற்றம் 1900 மீட்டர். கோத்தகிரி ரோட்டின் ஏற்ற இறக்கம் தனி. ஆளும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்தால், அந்த எடையை 1900 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் உடம்பு ஏறத்தாழ 1500 கலோரி செலவழிக்கும். இட்லியில் சொன்னால் இருபத்தைந்துக்குக் குறையாது. சாதாரணப் பழக்கம் உள்ளவன் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறுவான், ஆக மூன்று மணிக்கு மேல் இடைவிடாத ஏற்றம். பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்கவேண்டும் என்றால் இவர்களும் லாப்பீஸ் மாதிரி மூன்று மூன்றரைக்கே மண்ணரையில் கதவைத் திறக்க வேண்டும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பதில் பெரிய விவாதம் நடந்தது. கோத்தகிரி ஏறி குன்னூர் இறங்கலாம் என்பது கட்டிங் பையன் கட்சி, ஏற்றத்தில் வண்டி நெரிசல் குறைவாம். நான் ஒப்பவில்லை. களைத்த பிறகு இறங்குகிற வழியில்தான் நெரிசல் குறைவாக இருக்கவேண்டும். சீசனில் போலீசாரே குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழி ஆக்கிவிடுகிறார்கள். சீசன் இல்லாத நாளிலும் அந்த முறையே நல்லது. மதியத்துக்குப் பின் கோத்தகிரியில் மூடுபனி இறங்கும், தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ரோட்டுக்கு வரும், கரடியும் உண்டு. பிரெனேயில் கரடிக்குப் பயந்தார்கள் என்று எழுதினேனே, இங்கே அது கதை இல்லை. பிரேக்கை அழுத்திப் பிடித்தே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று பேரனே சொன்னான், அதனால் அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் சுற்றோடு நிற்கவில்லை. மறுநாள் ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கி, தெப்பக்காடு, மசினகுடி வழியாகக் கல்லட்டி ஏறி, எட்டு என்ற எண் மாதிரி இரண்டு வளையமாக முடிக்கவேண்டும் என்று வரைந்து கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் மிக அழகு. கல்லட்டியில் இறங்குவது என்ற பேச்சே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். விபத்துகள் மலிந்து, வெளியூர் வண்டிகள் அதில் இறங்க மாவட்ட நிர்வாகமே தடை போட்டிருக்கிறது, ஏற மட்டும் விடுகிறார்கள். ஏறுவது சரி. ஆனால் தெப்பக்காடும் மசினகுடியும் முதுமலைப் புலிகள் காப்பகம். யானை குறுக்கே நின்றால் காரில் இருப்பவன் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான். சைக்கிளில் இருப்பவன் எதை ஏற்றிக்கொள்வான்?

போய்ப் பார்த்து வாருங்கள், பார்த்ததை எழுதுங்கள், வேண்டாத விவரத்தையும் எழுதுங்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அனுப்பினேன். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள். எந்த வளைவில் தார் பெயர்ந்திருக்கிறது, எங்கே குடிதண்ணீர்க் குழாய், எந்த டீக்கடையில் மோர் கிடைக்கும் என்று எல்லாம் இருந்தது. பதினெட்டாவது வளைவில் ஒரு குரங்கு பிரிண்டிங் பையனின் பன்னைப் பிடுங்கிக்கொண்டு போனதும் இருந்தது. போயிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். காட்டுப் பகுதிக்கு எதிரே, வழியெல்லாம் யானைச் சாணம், இரண்டு இடத்தில் புதிது என்று பேரன் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சொன்னான்: "கூடலூர்ல இருந்து கல்லட்டி அடிவாரம் வரைக்கும் சைக்கிளை வேன்ல ஏத்திக்கறமுங் அப்புச்சி. ஆனா லூப்பு அறுந்து போகுதுங்களே." அறுந்த கோட்டை அறுந்த கோடாகவே வரைந்து வை, நடுவில் புள்ளி வைத்துக் காட்டு என்றேன். அப்படியே வரைந்திருக்கிறான். ஸ்டெய்னெஸ் இவன் இடத்தில் இருந்திருந்தால் கோட்டைச் சேர்த்திருப்பார்.

வேன் கூட வருவது பற்றி டையிங் பையனுக்கு வருத்தம், கௌரவக் குறைவாம். 1910-லேயே, பிரெனே மலைக்காகவே, பந்தயத்தின் பின்னால் ஒரு வண்டி விட்டார்கள், முடியாமல் போனவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு வர. அதற்கு 'துடைப்ப வண்டி' என்று பெயர், இன்றும் பந்தயத்தின் கடைசியில் அது வருகிறது என்று சொன்ன பிறகு சமாதானம் ஆனான். கருவிகளையும் கூடவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். 1913-ல் எழேன் கிறிஸ்தோஃப் என்பவருக்கு துர்மலே இறக்கத்தில் முன் ஃபோர்க் முறிந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த்-மரி-த-காம்பான் கிராமத்துக் கொல்லன் பட்டறையில் தானே இரும்பை அடித்துச் சரிசெய்தார். பக்கத்தில் அதிகாரிகள் நின்று பார்த்தார்கள், பிறர் உதவி வாங்குகிறாரா என்று. ஒரு சின்னப் பையன் துருத்தி ஊதினான். அதற்கு அபராதம் போட்டார்கள்.

அதே கிறிஸ்தோஃப்தான் 1919-ல் முதன்முதலாக மஞ்சள் ஜெர்சி போட்டவர். லோட்டோ பத்திரிகை அச்சாகும் காகிதம் மஞ்சள், அதனால் அந்த நிறம். பிரெஞ்சில் அதை 'மையோ' என்பார்கள். பின்னலாடை, நம் பனியன்தான். இதைச் சொன்னதும் பிரிண்டிங் பையன் நாலு பேருக்கும் மஞ்சள் துணியில் தைத்துக்கொண்டு வந்துவிட்டான், சிங்கிள் ஜெர்சியில். வியர்வைக்கு அது ஒத்துவராது, பாலியஸ்டர்தான் வேண்டும் என்று பேரன் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

மழை விட்டதும், தை பிறப்பதற்குள், ஒரு சனி ஞாயிறு கிளம்புகிறார்கள். 2024 மே முதல் நீலகிரிக்குப் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். சைக்கிளுக்கு வேண்டாம், வேனுக்கு எடுக்க வேண்டும். வேனை எங்கள் மாப்பிள்ளை ஓட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். முன் சீட்டு எனக்கு. இட்லி எத்தனை கட்டுவது என்று மகள் கேட்கிறாள், அந்தக் கணக்கும் என்னிடமே வந்திருக்கிறது.